திருமேனிக் கவிராயரின் பேசும் எழுத்தாணி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, கல்லுக்கும் வாய் இருந்த நாளில், வெண்குன்றம் என்று ஒரு சமஸ்தானம். அங்கே திருமேனிக் கவிராயர்தான் அரண்மனைப் புலவர். ராஜாவைப் பாடுவதும் அவரே, ராஜ்ஜியத்தின் வரலாற்றை ஓலையில் எழுதுவதும் அவரே. வம்பு அங்கேதான் ஆரம்பம்!

அவரிடம் மந்திரவாதி ஒருவன் கொடுத்த எழுத்தாணி இருந்தது. ஓலையில் வைத்ததும், "எழுதவா கவிராயரே? எழுதினதுதான் நடந்தது" என்று பேசும். வருஷா வருஷம் ராஜாவின் பிறந்த நட்சத்திரத்தன்று கவிராயர் வரலாற்றை வாசிப்பார். சபை எழுந்து நின்று "அப்படியே!" என்னும். சொன்ன நொடியிலிருந்து ஓலையில் உள்ளதுதான் ஊர் நினைவில் நிற்கும். எழுதினவருக்கு மட்டும் நிஜம் மறக்காது.

முதல் வருஷம் ராஜா ஒரு மானை வேட்டையாடினார். "புலி என்று எழுதுமய்யா" என்றார். பாட்டில் கூட்டிச் சொல்வதில்லையா, அதுபோலத்தானே என்று கவிராயர் எழுதினார். மான்கறி தின்றவர்களே புலியைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

இரண்டாம் வருஷம் எல்லைச் சண்டையில் ராஜா தோற்றார். "வெற்றி என்று எழுதும்." எழுதினார். காலை இழந்த வீரன் வெற்றி விழாவில் கோலூன்றி ஆடினான்.

மூன்றாம் வருஷம் பஞ்சம். ராஜா களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டார், பாதி ஊர் செத்தது. "பஞ்சமே வரவில்லை, யாரும் சாகவில்லை என்று எழுதும். மறுத்தால் கை போகும்!"

செத்தவர்களில் கவிராயரின் ஏழு வயது மகள் ஆவுடையும் ஒருத்தி. அவர் மனைவி உலகம்மை அன்றிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். இவளாவது மறந்து நிம்மதியாக இருக்கட்டுமே என்று பாவி மனுஷன் எழுதிவிட்டார். "அப்படியே!" என்றது சபை. யாரும் சாகவில்லை என்றதால், செத்தவர்கள் யாரும் பிறந்ததே இல்லை என்றாகிப்போனது.

வீட்டில் உலகம்மை சிரித்த முகமாக நின்றாள். கையில் ஒரு குட்டிப் பாவாடை.

"இது யாருதுங்க? நமக்குத்தான் பிள்ளையே இல்லையே. அடுப்பு துடைக்க வச்சுக்கிடட்டுமா?"

கவிராயர் "வேண்டாம்" என்று அதை வாங்கி மடித்து வைத்தார். ஐயோ, இனி உலகத்தில் ஆவுடையை அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால்?

எல்லார் நினைவையும் திருப்பித் தரச்சொல்லி எழுத்தாணியிடம் கெஞ்சினார். "உண்மையைச் சொல்லி என்னைச் சபையில் முறித்தால் எல்லாம் திரும்பும். அப்புறம் உமக்கு ஒரு பாட்டும் வராது, ஓர் எழுத்தும் வராது. யோசித்துக்கொள்ளும்" என்றது அது.

"இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்றார். மறுநாள் உலகம்மையையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனார்.

"அது மான், புலி இல்லை. நாம் தோற்றோம். பஞ்சம் வந்தது. என் மகள் ஆவுடை செத்தாள். நான் பொய் எழுதினேன்!"

"வெட்டு அவன் கையை!" என்று ராஜா கத்தி முடிப்பதற்குள் எழுத்தாணி இரண்டாகிவிட்டது.

சபையில் எங்கோ ஓர் அழுகை. பிறகு நூறு அழுகை. வாளை ஓங்கிய காவலன் செத்துப்போன தம்பியின் பேரைச் சொல்லி வாளைக் கீழே போட்டான். "அப்படியே... அப்படியேதான்" என்றது சபை, அழுதுகொண்டே. ஜனங்கள் களஞ்சியத்தை உடைத்துத் திறந்தார்கள். ராஜா ஓடியே போனார்.

கவிராயர் அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. அன்று உலகம்மை அந்தக் குட்டிப் பாவாடையை மாரோடு அணைத்து, "ஆவுடை, என் ஆவுடை" என்று கதறினாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதார். அவர் கேட்டது அவ்வளவுதான், அது கிடைத்தது.

கதை கேட்டவர்களே, உங்கள் வீட்டில் போனவர் பேரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.