ஆடு பட்டி வாசலில் ஏன் நிற்கிறது

அந்தக் காலத்தில், ஆடும் மைனாவும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்குக் கிழக்கே கருங்காதி என்றொரு வெள்ளாடு இருந்தது. ஒரு கோடையில் புல்லெல்லாம் கருகிவிட, அது தன் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு கணவாய் வழியாக மேற்கே இறங்கியது.

அங்கே பேச்சு வேறு. ஆனாலும் மழைக்கு மழைதான், மரத்துக்கு மரம்தான். இரண்டே நாளில் கருங்காதிக்குத் தைரியம் வந்துவிட்டது. இது நம் பேச்சேதான், கொஞ்சம் இழுத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான் என்று குட்டிகளிடம் சொன்னது.

மூன்றாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. ஆட்டுக்கு மழை ஆகவே ஆகாது. சின்னக் குட்டி நடுங்க ஆரம்பித்தது. பாக்குத் தோப்புக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை ஒன்று தெரிய, அங்கே ஒதுங்கலாமா என்று மரத்திலிருந்த மைனாவிடம் கருங்காதி கேட்டது.

மைனா பதறியது. "சேச்சி, அவிடெ பட்டி உண்டு. சூக்ஷிக்கணே."

கடைசிச் சொல் கருங்காதிக்குப் பிடிபடவில்லை. அதனால் என்ன? பட்டி இருக்கிறதாம். ஊரில் ராத்திரி ஆடுகளை அடைக்கும் அதே பட்டி. காய்ந்த தரை, கூட்டத்தின் கதகதப்பு. மைனா கத்தக் கத்த, அது குட்டிகளோடு ஒரே ஓட்டமாகக் கொட்டகைக்குள் பாய்ந்தது.

உள்ளே நாய் ஒன்று குட்டி போட்டுப் படுத்திருந்தது. பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கருங்காதி குட்டிகளை வயிற்றடியில் தள்ளிக்கொண்டு கொம்பைத் தாழ்த்தி நின்றது.

"பட்டி இருக்கு என்றார்களே, அதனால்தான் வந்தேன்" என்றது.

நாய் உறுமலை நிறுத்தி ஒருகணம் யோசித்தது. "பட்டி ஞான் தன்னே" என்றது.

இந்தப் பக்கத்தில் நாய்க்குப் பேரே பட்டி, மைனா கத்தியது ஜாக்கிரதை என்றுதான் என்பது அப்போதுதான் கருங்காதிக்கு விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நாய்க்கோ சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே உறுமவா முடியும்? மழை விடும்வரை இருந்துவிட்டுப் போகும்படி ஒரு மூலையை முகவாயால் காட்டியது. சின்னக் குட்டி நாய்க்குட்டிகளோடு ஒண்டிக்கொண்டு தூங்கிப்போனது.

ஊர் திரும்பியதும் கருங்காதி நடந்ததை ஆடுகளுக்கெல்லாம் சொன்னது. அன்று முதல்தான், சொந்தப் பட்டியே ஆனாலும் ஆடு சட்டென்று உள்ளே போவதில்லை. வாசலில் நின்று, கழுத்தை நீட்டி 'மே' என்கிறது. பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். அது பாவம், எந்தப் பட்டி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது.