இருவர் உட்காரும் பலகை

முன்னொரு காலத்தில் செங்காநாடு என்ற நாட்டைக் கோதண்டமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி, அவ்வளவுதான். வெயில் அடித்தால் குடை பிடிப்பவனைத் திட்டுவான், மழை பெய்தால் சமையல்காரனைத் திட்டுவான்.

அவனுடைய மந்திரி வேம்பனார் கூவல்மலையில் பிறந்தவர். அந்த மலை செங்காநாட்டுக்கு அடங்கிய பகுதி. மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்கூட்டத்தில் யாரும் தனியாக உட்கார்ந்து பேசக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். பேசுகிறவர் தப்பாகப் பேசினால், பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துவிடுவார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். வேம்பனார் மலையில் இருந்த காலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் சித்தப்பா மகள் காராயி. எத்தனை தடவை பிடித்திருப்பாள்! அரண்மனைக்கு வந்த பிறகு அவர் கையைப் பிடிக்க ஆளில்லை, கைதட்டத்தான் ஆள் இருந்தது.

அந்தப் பக்கத்து ராஜாக்கள் ஒன்பது பேர் சேர்ந்து கூட்டுச்சபை என்று ஒன்று வைத்திருந்தார்கள். உட்கார ஆளுக்கொரு பலகை. ஒரு வருஷம் அந்தச் சபை, கூவல்மலைக் கணவாய் வழியாக ஒன்பது நாட்டு யானைகளும் போய்வரலாம் என்று முடிவு செய்தது. மலைக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு வந்தவன் நம்ம கோதண்டமாறன்! யானைகள் தினைக்காட்டை மிதித்துத் துவைத்துவிட்டன. மலையில் கஞ்சிக்கே திண்டாட்டம்.

அப்போது மலைக்குத் தலைவி காராயிதான். சபைக்கு ஓலை அனுப்பினாள். "எங்களுக்காக இன்னொருத்தர் தலையாட்டியது போதும். நாங்கள் தனி நாடாக இருந்துகொள்கிறோம். சபையில் எங்களுக்கும் ஒரு பலகை போடுங்கள்."

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. தளவாய் திரிபுராந்தகன் எழுந்தான். வேம்பனாரைக் கண்டாலே வயிறெரிகிறவன் அவன். "மகாராஜா, உத்தரவு கொடுங்கள். ஒரே வாரத்தில் மலையைக் கொளுத்திவிட்டு வருகிறேன். மந்திரியாரின் சொந்தக்காரர்கள் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம்."

"கொளுத்தினால் மற்ற ராஜாக்கள் என்னைக் கொடுங்கோலன் என்பார்கள். பலகை கிடையாது என்று நானே சொன்னால் அற்பன் என்பார்கள். அவர்கள் வாயாலேயே கிடையாது என்று வர வேண்டும். வேம்பனாரே, உம்மால் முடியுமா? முடியாவிட்டால் தளவாய் கிளம்பட்டும்" என்றான் ராஜா.

பலகை போனால் போகிறது, குடிசைகளாவது மிஞ்சட்டும் என்று வேம்பனார் நினைத்தார். "முடியும் மகாராஜா. தச்சர்களை மட்டும் என்னோடு அனுப்புங்கள்" என்றார்.

சபை கூடும் நாள் காலையில் ராஜாக்கள் வந்து பார்த்தால், மண்டபத்தில் புதிதாக ஒன்பது பலகைகள்! ஓரமாகக் காராயி நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நமக்காகப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நம்பிவிட்டாள், பாவம்.

"ஒன்றுதானே கேட்டார்கள், எதற்கு ஒன்பது?" என்றான் முத்துக்கரை ராஜா.

"ஒன்று கூவல்மலைக்கு, மகாராஜா. தாராளமாகக் கொடுக்க வேண்டியதுதான். நாளைக்கு உங்கள் தீவுக்காரர்கள் வந்து கேட்டால் அலைய வேண்டாமே என்று அந்த நீலத்துணி போட்ட பலகை. பாலைநாட்டு மகாராஜா, மஞ்சள் துணி உங்கள் தெற்குச் சீமைக்கு. மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று இருக்கிறது. எல்லாரும் சரிசமமாக உட்கார்ந்தால் சபை எவ்வளவு களையாக இருக்கும்!"

ராஜாக்களுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, எடு! எல்லாவற்றையும் எடு! இருக்கிற ஒன்பதே போதும்!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள். கோதண்டமாறன் உதட்டைப் பிதுக்கினான். "சபையே சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய?" என்றான். அவனுக்குள் ஒரே குதூகலம்.

சபை கலைந்ததும் காராயி தன் மலைக்கென்று செய்த பலகையைத் தடவிப் பார்த்தாள். மற்ற எட்டும் ஒருவர் உட்காருகிற அளவு. இது மட்டும் அகலம்.

"அண்ணே, இதை ரெண்டு பேருக்குச் செய்யச் சொன்னது நீதானே?"

"தச்சன் அளவு கேட்டான். வாய் தானாகச் சொல்லிவிட்டது." வேம்பனாரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தளவாய் தீப்பந்தத்தோடு நிற்கிறான், காராயி. உங்களை உயிரோடு வைக்கத்தான் இப்படிச் செய்தேன்."

"அதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பயந்திருந்தாலும் சேர்ந்து யோசிச்சிருப்போம். முதல்ல ராஜா எங்களைக் கேட்காம தலையாட்டினான். இன்னைக்கு நீ." அவள் பலகையிலிருந்து கையை எடுத்தாள். "நான் இங்கேதானே அண்ணே நின்னுகிட்டிருந்தேன். கூப்பிட்டிருந்தா பக்கத்துல வந்து உட்கார்ந்திருப்பேனே."

அவ்வளவுதான். மலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அரண்மனையில் ஒரே கொண்டாட்டம். "என்ன வேண்டுமோ கேளும்!" என்றான் ராஜா.

"படை ஒருநாளும் மலைக்குப் போகக் கூடாது. கணவாயில் யானைகள் வரக் கூடாது. அந்த அகலப் பலகை எனக்கு வேண்டும்."

"படை போகாது. பலகை உமக்கே. யானை விஷயம் சபையின் முடிவாயிற்றே, நான் என்ன செய்ய?"

பிறகு தளவாய் பக்கம் திரும்பினான். "மலையையே கொளுத்துகிறேன் என்று குதித்தாயே, பேச்சாலேயே முடித்துவிட்டார் பார்! அந்தப் பலகையை உன் தலையில் தூக்கிக்கொண்டு வா." கடைத்தெரு முழுக்க ஜனங்கள் சிரித்தார்கள். வேம்பனார் மட்டும் சிரிக்கவில்லை.

பலகையைத் தர்பாரில் போட்டார்கள். பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி வேம்பனார் காராயிக்கு மூன்று முறை ஓலை விட்டார். மூன்று முறையும் ஒரே பதில்: "நாங்கள் கேட்டது இந்த இடம் இல்லை."

அதற்குப் பிறகும் வேம்பனார் எத்தனையோ வாதத்தில் ஜெயித்தார். ஆனால் பேச வாயெடுக்கும் முன்னால் இடது கையைப் பக்கத்துக் காலியிடத்தில் விரித்து வைப்பார். தர்பார் காத்திருக்கும். ராஜாவும் காத்திருப்பான். யாரும் பிடிக்காததால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குவார்.