அமுக்கினி வாய் திறந்த பகல்

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, ஆற்று மணலில் முட்டையிடும் குருவி ஒன்று இருந்தது. வாயைத் திறந்தால் முட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று அது யாரோடும் அதிகம் பேசாது. அதனால் ஆற்றங்கரை நகரத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் அமுக்கினி.

மாம்பூ வாசம் வந்து, குயில் கூவத் தொடங்கியதும் அமுக்கினி முட்டையிடும். அந்தச் சேதி தெரிந்தால் போதும், "ஆறு படுத்தாச்சு, இனி வெள்ளம் வராது" என்று தண்டோரா போடுவார்கள். உடனே பாதி நகரம் ஆற்றுக்குள் இறங்கிவிடும். வெள்ளரித் தோட்டம், சலவைத் துறை, வளையல் கடை, ஏன், கல்யாணப் பந்தல்கூட மணலில்தான். ஒரு குருவியின் முட்டையை நம்பி ஓர் ஊரே குடித்தனம் நடத்தியது என்றால் பாருங்களேன்!

அந்த வருஷம் மா முன்கூட்டியே பூத்தது. குயிலும் அவசரப்பட்டது. அமுக்கினியும் தை முடியுமுன்னே முட்டையிட்டுவிட்டது. தண்டோராவும் போட்டாயிற்று.

ஒரு நாள் உச்சிவெயிலில், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாத நேரம், அமுக்கினி ஊற்றுக்குழியில் தண்ணீர் குடிக்கப் போனது. தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்புவரை ஏறியது. மலையில் பேய்மழை என்று அதற்குப் புரிந்துவிட்டது. கத்தினால் இத்தனை ஜனமும் விழுந்தடித்து ஓடும். அத்தனை காலும் முட்டைமேல்தான் விழும். கத்தாவிட்டால்? ஒருவேளை தண்ணீர் முட்டை இருக்கும் மேடுவரை வராமலே போகலாம்.

வெள்ளரிக்கு நீர் மொள்ள வந்த காத்தாயி, இடுப்பில் குழந்தையோடு குழியை எட்டிப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி, ஊத்து கலங்கிக் கெடக்கு? ஆறு கீறு வருதா?"

"மாடு எறங்கியிருக்கும்க்கா," என்றது அமுக்கினி.

"அப்பாடா. நீ சொன்னாச் சரிதான்." அவள் குழந்தையைப் பந்தல் நிழலில் படுக்க வைத்துவிட்டுக் குடத்தோடு பாத்திப் பக்கம் போனாள்.

அமுக்கினி முட்டைகள்மேல் போய் உட்கார்ந்தது. அடியில் மணல் ஈரமானது. நண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கரையேறின. சொல்லிவிடலாமா என்று நினைத்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்துவிட்டது. ஆற்று வளைவுக்கு அப்பால் மரங்கள் முறியும் சத்தம் கேட்டபோதுதான் உயிரே போவதுபோல் அலறியது. பயத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. வெறும் கூச்சல்தான் வந்தது.

காத்தாயி குழந்தையை நோக்கி ஓடினாள். ஆறு அவளைவிட வேகமாக ஓடியது.

சாயங்காலம் வெள்ளம் நகரத்துக் கோட்டை வாசலில் நின்றது. கரையேறிய கொஞ்சம் பேரில் காத்தாயியும் இருந்தாள், வெறும் இடுப்போடு. அமுக்கினிக்கும் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. அது மதில்மேல் வந்து உட்கார்ந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை.

"மாடுன்னு சொன்னியே, தங்கச்சி," என்றாள்.

பதில் சொல்ல அமுக்கினி வாயைத் திறந்தது. மறுபடியும் கூச்சல்தான் வந்தது.

அன்று முதல்தான் அந்தக் குருவிக்குப் பேச்சு போனது. எட்டத்தில் ஆள் வரும்போதே, ராத்திரி பகல் பாராமல், தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. காட்டிக்கொடுக்கிறது என்று நாம் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்துத் திட்டுகிறோம். அதுவோ, காத்தாயியிடம் சொல்லாமல் விட்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.