அடியில் சுழலும் நீர்

வங்கக்கடலின் நடுவே ஆய்வுக் கப்பல் நின்றது. அலை இல்லை. ஆனால் ஆய்வாளர் திருமேனி இறக்கிய கருவி, நூறு மீட்டருக்குக் கீழே போனதும் நீர் வேகமாகச் சுழல்வதாகக் காட்டியது.

அவர் கருவியை மேலே எடுத்துத் துடைத்து, மறுபடி இறக்கினார். அதே எண்கள்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்தவர். கடலின் இந்தப் பகுதி சலனமற்றது என்று, மூன்று வருடச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும்.

அவருடைய வழிகாட்டி ஜெசிந்தா அவரைவிட எட்டு வயது இளையவர். அவரிடம் போனார்.

“மேடம், கருவி பழுதுன்னு எழுதிடலாமா?”

“பழுதா?”

“இல்ல. ரெண்டு தடவை பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு.” குரல் தாழ்ந்தது. “ஆனா மேல தண்ணி அசையவே இல்லையே. அடியில மட்டும் எப்படிச் சுத்தும்?”

ஜெசிந்தா அவரைக் கூட்டிக்கொண்டு கப்பலின் சமையலறைக்குப் போனார்.

“உடைச்சிடாதீங்கம்மா, இருக்கிறதே இந்த ஒரு ஜாடிதான்” என்றார் சமையல்காரர்.

கண்ணாடி ஜாடியில் பாதி நீர். ஒரு கை உப்பு. கொஞ்சம் ஊறிய தேயிலை. கரண்டியால் வேகமாகக் கலக்கினார். தேயிலை சுழன்றது.

“இது புயல் கலக்கின கடல்.”

பிறகு கரண்டியின் முதுகில் படும்படி நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினார்.

“இது ஆத்துத் தண்ணி. மழைக்காலத்துல வந்து கடல் மேல பரவும். உப்பு இல்லாததால லேசு. கீழ இறங்காது.”

மேலே ஒரு சிறு தாள் துண்டைப் போட்டார். அது சோம்பலாக அசைந்து நின்றது. அதற்கடியில் தேயிலை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

“கொஞ்ச நேரத்துல இது நின்னுடுமே?” என்றார் திருமேனி.

“ஜாடியில நின்னுடும். கடல்ல மாசக்கணக்கா சுத்தும். பூமி சுத்துறதால அது சீக்கிரம் கலையாது. மேல இருந்து படம் எடுத்தா பெரிசா ஒண்ணும் தெரியாது.”

திருமேனி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தேயிலையும் அடியில் படிந்தது.

“அப்போ நான் எழுதினது பொய்யா, மேடம்?”

“பொய் இல்ல சார். கடல்னு எழுதியிருக்கீங்க. நீங்க பார்த்தது அதோட தோல்.”

திருமேனி பதிவுத் தாளை எடுத்து, கருவி காட்டிய எண்களை ஒன்றுவிடாமல் எழுதத் தொடங்கினார்.