மஞ்சள் பூசிய வாசக்கால்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் உப்புக்கு வரி போட்ட காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் குப்பாண்டி என்று ஒரு கழுதைக்காரன் இருந்தான். உப்பு மூட்டை சுமப்பது தொழில். எந்த ராஜா என்று கேட்காதீர்கள். கதைக்கு அவர் தேவையில்லை.

குப்பாண்டியும் மனைவி வீராத்தாளும் குடிக்கூலிக்கு இருந்தார்கள். குடிபோகிற வீட்டில் எல்லாம் கூரை மாற்றுவார்கள், சுவர் பூசுவார்கள், தரை மெழுகுவார்கள். வீடு வீடாக ஆனதும் சொந்தக்காரன் வந்து நிற்பான்.

"என் மச்சான் வர்றான். காலி பண்ணு."

இப்படி மூன்று வீடு. ஊரில் எல்லோருக்கும் மச்சான்.

"இனிமே நம்ம வீடுதான்" என்றாள் வீராத்தாள். மண் உண்டியல் வாங்கிக் கூலியில் மிஞ்சியதைப் போட்டாள்.

குப்பாண்டி நல்லவன். ஆனால் கை ஓட்டை. தங்கை மகள் காதுகுத்துக்கு உண்டியலை உடைத்தான். இன்னொன்று வாங்கினாள், சேவல் சண்டைக்கு உடைத்தான். மறுபடி வாங்கினாள், கழுதைக்குச் சலங்கை கட்ட உடைத்தான்.

"விடு வீராத்தா. மறுபடி சேர்த்துக்கலாம்."

வீராத்தாள் சண்டை போடவில்லை. உண்டியல் வாங்குவதை நிறுத்தினாள். மிஞ்சிய காசை அன்றன்றைக்கே ஆசாரியிடம் கொடுத்து வந்தாள். ஒரு நாள் வேப்பமரத்தில் வாசக்கால் வந்து இறங்கியது. வந்த அன்றே மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள், மாவிலை கட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டி, வீடே இல்லை, வாசக்காலா? இதுக்குள்ள நுழைஞ்சா எங்கே போவே?"

"உன் வாய்லேருந்து தப்பிச்சுப் போவேன்."

ஐப்பசி பிறக்க இருந்தது. சொந்தக்காரன் வந்தான். மழைக்கு முன்னால் காலி பண்ண வேண்டுமாம். மச்சான் வருகிறானாம்.

அந்த வாரம் பார்த்துத்தான் பெரிய சேவல் சண்டை. "ஜெயிச்சா வீடே வாங்கிடலாம்" என்று குப்பாண்டி கணக்குப் போட்டான். தோற்றவன் எல்லாம் போட்ட கணக்குதான். வீராத்தாள் உப்பளத்துக்குப் போன நேரம், வாசக்காலைக் கழுதைமேல் கட்டி விற்கக் கிளம்பினான்.

முதலில் செங்கல் சூளைக்காரரிடம் போனான். அவர் மஞ்சளைப் பார்த்தார், விற்கிற பேச்சைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். "மஞ்சள் பூசின வாசக்காலை வாங்கினா என் குடும்பம் விளங்குமாடா? வீடு கட்டப் போறேன்னு சொல்லு. உடைஞ்ச கல் குவிஞ்சு கிடக்கு, அள்ளிக்கிட்டுப் போ."

அடுத்து பனந்தோப்புக்காரரிடம் போனான். "இதை விக்கறதாவது! வீட்டுக்குத்தானே கொண்டு போறே? கூரைக்குப் பனங்கை தர்றேன். எனக்கு உப்பு சுமந்து கழிச்சிடு."

கடைசியில் ஊர் மணியக்காரர் வழிமறித்தார். "என்னடா இது? மஞ்சள் பூசின வாசக்கால் கழுதைமேல ஊர்வலம் போனா ஊருக்கு ஆகுமா? எங்கே நடப் போறே?"

விற்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "இடம்... இடம்தான் இல்லீங்க."

"கோயில் களத்துமேடு சும்மாதானே கிடக்கு? கோயிலுக்கு வருஷா வருஷம் உப்பு கொண்டு வந்து போடு. இன்னிக்கே நட்டுடு."

குப்பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு உப்பளத்துக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"விக்கப் போனியா?"

"போனேன்."

"யாராவது வாங்கினாங்களா?"

"இல்லை."

"வாங்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் மஞ்சள் பூசினேன். கடப்பாரையை எடு."

மழைக்கு முன் வீடு எழும்பிவிட்டது. பால் காய்ச்சினார்கள். புது வீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும். இவர்களிடம் ஏது பசு? சலங்கை குலுங்கக் கழுதை நுழைந்தது. வீட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வெளியிலேயே நின்றாள்.

"உள்ளே வா. இப்ப நுழைஞ்சா அடுப்படிக்குப் போகலாம்" என்றாள் வீராத்தாள்.

இதுதான் நீதி: கூலி கொஞ்சமானாலும், மிஞ்சியதைச் செலவழிக்க முடியாத பொருளாக மாற்றி வைக்கிறவருக்குத்தான் வீடு அமையும்.