தலைவரின் நாடி

இலங்கையின் வன்னியில் எட்டு வருடம் வைத்தியம் பார்த்த யோகராணி, கனடாவுக்கு வந்தபின் ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டே மருத்துவப் பரீட்சைகளை எழுதித் தேறினார். ஒரு மருத்துவமனையின் நேர்முகத் தேர்வு மட்டும் மிச்சம். அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

தேர்வுக் குழுத் தலைவர் டாக்டர் ஹார்ட்லி அவருடைய காகிதங்களைத் தள்ளிவைத்தார்.

“போர் நடந்த இடத்தில் ஸ்கேன்கூட இல்லாமல் செய்ததெல்லாம் வைத்தியமா? வெறும் கையால் இங்கே ஒரு நோயைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.”

“நோயாளி வேண்டுமே, ஐயா.”

“இந்த அறையில் நோயாளி யாரும் இல்லை” என்று ஹார்ட்லி சிரித்தார்.

“இல்லையென்று சோதித்துப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? உங்கள் கையைக் கொஞ்சம் கொடுங்கள்.”

மறுத்தால் பயந்ததாகிவிடும். ஹார்ட்லி கையை நீட்டினார். யோகராணி நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார்.

“துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ஐயா. சற்றுமுன் நீங்கள் படியேறி வந்தபோது மூச்சு வாங்கியதையும் பார்த்தேன். இன்றைக்கே இசிஜி எடுங்கள். விட்டால் பக்கவாதம் வரலாம்.”

குழுவிலிருந்த பெண் மருத்துவர் ஹார்ட்லியின் மறுகையைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. உடனே இசிஜிக்கு ஏற்பாடு செய்தார்.

யோகராணி சொன்னது சரியாக இருந்தது. கட்டிலில் படுத்திருந்த ஹார்ட்லி அவரை அழைத்துவரச் சொன்னார்.

“அங்கே எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள்?”

“தெரியாது, ஐயா. காப்பாற்ற முடியாமல் போனவர்களின் பெயர்கள்தான் ஞாபகம் இருக்கின்றன.”

ஹார்ட்லி எழுந்து உட்கார்ந்தார். அவருடைய நேர்முகத் தேர்வுத் தாளை வாங்கி, ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.