ஒன்றும் செய்யாத இரும்பு

ஓசூர்ப் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில், மின்சார ஆட்டோவுக்குக் காந்தமே இல்லாமல் மோட்டார் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவின் பெயர் மங்கையர்க்கரசி, வயது முப்பத்தெட்டு. சீடர் தேவசகாயத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாதி ஆயுளைக் காந்த மோட்டாரில் கழித்துவிட்டு, காந்தம் கிடைக்காமல் பழைய கம்பெனி மூடிய பிறகு இங்கே பாடம் படிக்க வந்தவர். சின்னவரிடம் கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. மறுபடி தோற்றுப்போவோமோ என்ற பயம் மட்டும் நிறைய இருந்தது.

இந்த மோட்டாருக்குள் சுழல்வது வெறும் இரும்பு. அதில் வெட்டிய பிளவுகள்தான் இழுவையைத் தரும். சுழலும் வேகத்தில் இரும்பு பிய்ந்து பறக்காமல் இருக்க, பிளவுகளுக்கு நடுவே அங்கங்கே மெல்லிய இரும்புப் பாலம் விட்டுவைப்பார்கள். அந்தப் பாலத்தின் வழியே கொஞ்சம் விசை வீணாகக் கசியும்.

தேவசகாயத்துக்கு அந்தக் கசிவு கண்ணை உறுத்தியது. முதலாளிகள் கேட்ட இழுவைக்கு அவருடைய மோட்டார் கொஞ்சம்தான் குறைந்தது. எட்டாவிட்டால் கூடத்தையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கம்ப்யூட்டரிடம் இழுவை கூட வேண்டும் என்று மட்டும் கேட்டார். அது சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. என்னென்னவோ வடிவம் போட்டுப் பார்த்து, பாலத்தை நூலாக இளைக்கவைத்து, கேட்டதைக் கொடுத்துவிட்டது.

அப்படியே இரும்பை வெட்டி, சோதனை மேடையில் பூட்டி, குருவைக் கூப்பிட்டார். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பாலம் ஏன் இவ்வளவு மெலிசு என்று கேட்டார்.

“அதால இழுவைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல மேடம். சும்மா இருக்கிற இரும்பை எதுக்குத் தடிமனா வைக்கணும்?”

“வேகத்துல தாங்குமா?”

“கணக்குல தாங்குது.”

மங்கையர்க்கரசி மேடையைச் சுற்றியிருந்த இரும்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மோட்டாருக்குப் பக்கத்தில் போட்டார்.

“உக்காருங்க சார். முழு வேகத்துல ஓட்டிப் பாத்துடலாம்.”

தேவசகாயம் உட்காரவில்லை. புதிதாக இருக்கும்வரை கண்டிப்பாகத் தாங்கும் என்றார். நம் ஊர் ரோட்டுப் பள்ளத்தில் வருஷக்கணக்காக அடிபட்ட பிறகு என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆட்டோவில் மோட்டார் எங்கே இருக்கும் என்று குரு கேட்டார். பின்சீட்டுக்கு அடியில் என்றார் சீடர்.

“சரி, நானே உக்காந்துக்கறேன். நீங்க சுவிட்சைப் போடுங்க.”

அவர் உட்கார்ந்தும் விட்டார். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல மடியில் கைவைத்து அமைதியாக இருந்தார். தேவசகாயத்தின் கை சுவிட்ச் வரைக்கும் போனது. விரல் அழுத்த மறுத்தது. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கடைசியில் மெயினை அணைத்துவிட்டு வந்தார்.

பாலத்தைத் தடிமனாக்கிவிடுவதாகச் சொன்னார். சொன்ன பிறகும் மனம் ஆறவில்லை.

“அப்ப இழுவை குறையுமே மேடம். முதலாளிங்க வந்து, மெலிசாதான் வேணும்னு நின்னா நான் என்ன சொல்றது?”

மங்கையர்க்கரசி எழுந்தார். நாற்காலியை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டார்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். உக்காரச் சொல்லுங்க.”